எப்படி மூடினீர்கள் என்று கேளுங்கள்: காவிரிப்படுகைக் கிராமசபைகளுக்கு ஒரு திறந்த மடல்



நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் என்று எண்ணெய்க் கிணறுகள் நிற்கும் ஊர்களிலும் சுற்றுவட்டாரத்திலும் கிராமசபைக்கு வந்து உட்காரும் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கிணறுகளுக்குள் சிமெண்ட் இறக்குவதுதான் என் தொழிலாக இருந்தது. அந்தத் தொழிலில் கற்ற சிலவற்றை உங்களிடம் சொல்லியாக வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

2017-இல் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து படுகை முழுக்கக் கேட்கும் கோரிக்கை, கிணறுகளை மூடு என்பது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்க அது தடை போட்டது; ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளைத் தொடர விட்டது. ஆகவே இனி வரும் வருஷங்களில் உங்கள் ஊர்களில் அதிகம் நடக்கப்போவது பழைய கிணறுகளை ஒவ்வொன்றாக மூடும் வேலைதான். எண்ணெய் எடுப்பது சரியா தவறா என்பதில் உங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கலாம். மூடுவது ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. "மூடியாகிவிட்டது" என்று பதில் வந்தவுடன் கலைந்து போய்விடாதீர்கள். "எப்படி மூடினீர்கள்? பிடித்ததா என்று எப்படிச் சோதித்தீர்கள்? காகிதத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் விவரம் தெரிந்தால்தான் வருகிற பதிலை எடைபோட முடியும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வயலுக்கு நடுவே வேலிக்குள் நிற்கும் வால்வுகளும் குழாய்களும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிற கிணறு. அதற்குக் கீழே இரண்டு, மூன்று கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் ஆழமாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. இவற்றைக் கேசிங் என்பார்கள். மேலே அகலமானது, உள்ளே போகப்போகக் குறுகியது. ஒவ்வொரு கேசிங்குக்கும் வெளியே, பாறைக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் சிமெண்ட் நிரப்பியிருப்பார்கள். மேல்மட்டத்து மணலில் நம் போர்வெல்லுக்கு வரும் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் ஓடும் மணல்கள். அதற்கும் கீழே எண்ணெயும் வாயுவும் அழுத்தத்தோடு இருக்கும் பாறைகள். நடுவில் களிமண் பாறைகள் படிந்து இவற்றைக் கோடிக்கணக்கான வருஷங்கள் தனித்தனியாக வைத்திருந்தன. அத்தனையையும் ஊடுருவி ஒரே துளை போட்டிருக்கிறோம். களிமண் பாறை செய்துகொண்டிருந்த வேலையை அந்தத் துளைக்குள் வேறொன்று செய்தாக வேண்டும். அதற்குத்தான் பிளக் எனப்படும் சிமெண்ட் அடைப்பை வைக்கிறோம். கேசிங் இரும்பு காலப்போக்கில் துருப்பிடித்துப் போகும். பிளக் போகக் கூடாது.

தலையில் ஒரு லாரி கான்கிரீட்டைக் கொட்டி மூடினால் ஆகாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆகாது. இரண்டாயிரம் மீட்டர் அடியில் இருக்கும் வாயுவை மேலே தடுத்தால், அது கேசிங் முழுக்க ஏறி நின்று, துருப்பிடித்த இடம் பார்த்து, மேல்மட்டத்து மணலுக்குள் போகும். நீங்கள் குடிக்கும் தண்ணீர் அந்த மணலில்தான் இருக்கிறது. வாயு எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே, இறுக்கமான பாறை இருக்கும் ஆழத்தில் முதல் பிளக் நிற்க வேண்டும். பிறகு மேலே இன்னும் சில. நல்ல தண்ணீர் மணலுக்குக் கீழே ஒன்று கட்டாயம்.

இந்தப் பிளக்கின் அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 7 அங்குல கேசிங் மீட்டருக்குச் சுமார் 19 லிட்டர் கொள்ளும். 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு பிளக் என்றால் 1,900 லிட்டர் சிமெண்ட் கலவை. கிணற்றுக்கான ஜி வகுப்பு சிமெண்டை அதன் எடையில் 44 சதவீதம் தண்ணீர் விட்டுக் கலப்பார்கள்; ஒரு லிட்டர் கலவை 1.9 கிலோ இருக்கும். மூட்டைக் கணக்கில் சொன்னால் ஐம்பது கிலோ மூட்டை ஐம்பது. ஒரு சின்ன வீடு கட்டக்கூடப் பத்தாத சிமெண்ட். இவ்வளவுதானா என்று தோன்றும். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அளவு குறையக் குறையப் பிழைக்கு இடம் கிடையாது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பிளக்கின் அடி எங்கே இருக்க வேண்டுமோ அந்த ஆழம் வரை ஒரு மெல்லிய குழாயை, டியூபிங் என்பார்கள், ரிக் என்ற கோபுர இயந்திரம் இறக்குகிறது. கிணறு முழுக்க ஏற்கெனவே மட் எனப்படும் கனமான சேற்றுத் திரவம் நிற்கிறது. முதலில் ஸ்பேசர் என்ற இடைத்திரவத்தைப் பம்ப் செய்வோம். சேறும் சிமெண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க அது வேண்டும். அடுத்து சிமெண்ட். அதன் பின்னால் மறுபடி ஸ்பேசர். கடைசியில் இதையெல்லாம் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகச் சேறு. குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் ஒரே உயரத்தில் நிற்கும் நொடியில் பம்பை நிறுத்த வேண்டும். உள்ளும் புறமும் சமமாக நின்றால் குழாயை மெதுவாக உருவி எடுக்கும்போது சிமெண்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். தொழிலில் இதற்கு பேலன்ஸ்டு பிளக் என்று பெயர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 3,000 மீட்டர் ஆழத்தில் பிளக் என்றால், இரண்டேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான டியூபிங் மீட்டருக்கு மூன்று லிட்டர் கொள்ளும், மொத்தம் ஏறக்குறைய 9,000 லிட்டர். 1,900 லிட்டர் சிமெண்டை அதன் இடத்தில் உட்காரவைக்கக் கிட்டத்தட்ட அந்த 9,000 லிட்டரையும் அளந்து தள்ள வேண்டும். பம்பின் கணக்கில் மூன்று சதவீதம் பிசகினால் 270 லிட்டர். பிளக்கில் ஏழில் ஒரு பங்கு அது. தள்ளியது அதிகமாகிவிட்டால் சேறு சிமெண்டுக்குள் புகுந்து வாய்க்கால் போட்டுவிடும். ஆகவே பம்பின் ஸ்ட்ரோக் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், டாங்கில் அளவுகோல் வைத்து எவ்வளவு குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். நல்ல ஆபரேட்டர்கள் கணக்கைவிடச் சில பத்து லிட்டர் குறைவாகவே தள்ளுவார்கள். குழாயை உருவும்போது மிச்சம் தானே இறங்கிச் சமமாகிக்கொள்ளும்.

அது சமமாயிற்றா என்பதை ரிக் தளத்தில் நின்றே பார்க்கலாம். ஒவ்வொரு குழாயாகத் திருகிக் கழற்றும்போது இணைப்பு காய்ந்து வந்தால் நல்ல சகுனம். கழற்றிய வாயிலிருந்து திரவம் கொட்டித் தொழிலாளர்களின் பூட்ஸ் நனைந்தால், கீழே உள்ளும் புறமும் இன்னும் சமமாகவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் மூத்த டிரில்லர் ஒருவர் பேசவே மாட்டார். கழற்றிய குழாய் முனையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், விரலைத் தேய்த்துப் பார்ப்பார், அடுத்த குழாய்க்குப் போவார். அவர் கையில் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தால் எல்லோரும் கணக்குத் தாளை மறுபடி எடுப்போம்.

எல்லாம் கணக்குப்படியே நடந்தும் பிளக் தோற்றுப்போவதுண்டு. குழாயை மறுபடி இறக்கித் தேடினால் சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் சேறுதான் இருக்கும். இதன் காரணத்தை 1984-இல் ஸ்மித், பெய்ரூட், ஹோல்மன் என்ற மூன்று பொறியாளர்கள் சோதனை செய்து எழுதினார்கள். லிட்டருக்கு 1.9 கிலோ எடையுள்ள சிமெண்டை 1.2 கிலோ எடையுள்ள சேற்றின் மேல் நிறுத்துகிறோம். கீழே பிடிமானம் எதுவும் இல்லாவிட்டால் கனமானது இறங்கத்தானே செய்யும்? சிமெண்ட் நாக்கு நாக்காகக் கீழே வழிய, லேசான சேறு அதன் நடுவே மேலே ஏறும். கெட்டியாவதற்குள் இரண்டும் கலந்து, இறுகியும் இறுகாத ஒரு குழம்பாக நீண்டு கிடக்கும். கிணறு சாய்வாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாய்த்து வைத்த குழாயில் துகள்கள் நிமிர்ந்த குழாயைவிட வேகமாகப் படியும் என்பதை 1920-இல் பாய்காட் என்ற மருத்துவ ஆய்வாளர் ரத்த அணுக்களில் கண்டு எழுதினார். ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாயில் நடந்தது சாய்வான எண்ணெய்க் கிணற்றிலும் நடக்கிறது.

அந்த மூவர் சொன்ன மருந்து எளிமையானது. சிமெண்டுக்குக் கீழே முதலில் பெண்டோனைட் களிமண்ணால் ஆன கெட்டியான கூழ் ஒன்றை வையுங்கள். அசையாமல் நின்றால் இறுகிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. குழாயின் அடிவாயை மூடி, திரவம் பக்கவாட்டில் வெளியேறும்படி செய்யுங்கள். அப்போதுதான் சிமெண்ட் கீழ்நோக்கிப் பீய்ச்சி அந்தக் கூழைக் கிழிக்காது. இதைவிட உறுதியான வழி, கேசிங்குக்குள் பிரிட்ஜ் பிளக் என்ற இரும்பு அடைப்பை முதலில் பதித்து அதன் மேல் சிமெண்டை உட்கார வைப்பது. ஆனால் இரும்பு அடைப்பை மட்டும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் ரப்பர் வளையத்துக்கு ஆயுள் குறைவு. அது சிமெண்டுக்கு அடித்தளம், அவ்வளவே.

இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் கூழ் வைக்காமல், அடித்தளம் இல்லாமல் சிமெண்டைத் தள்ளிவிட்டு அது நிற்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அரைநாள் மிச்சமாகிறது என்பார்கள். எனக்கு இதைப் பார்த்தால் ஆத்திரம் வரும். அந்த அரைநாளுக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் அந்த ஊரில் குடியிருக்கப் போவதில்லை.

சூட்டையும் கவனிக்க வேண்டும். ஆழம் போகப் போகப் பூமி சுடும். 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் சாதாரண சிமெண்ட் முதலில் நன்றாக இறுகி, நாளாக ஆக வலுவிழந்து, நுண்துளைகள் பெருகி ஒழுக ஆரம்பிக்கும். அதைத் தடுக்கச் சிமெண்ட் எடையில் 35 சதவீதமாவது சிலிக்கா மாவு சேர்ப்பார்கள். சூடு கலவையைச் சீக்கிரம் இறுகவும் வைக்கும். அதைத் தாமதப்படுத்த மருந்து உண்டு. மருந்து குறைந்தால் குழாய் உள்ளேயே சிமெண்டோடு சிக்கிக்கொள்ளும், கூடினால் நாட்கணக்கில் கலவை இறுகாது. அதனால் கிணற்றின் அடியில் உள்ள அதே சூட்டிலும் அழுத்தத்திலும், கிணற்றுக்குப் போகப்போகிற அதே சிமெண்டையும் அதே தண்ணீரையும் கொண்டு ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். ரிக் தளத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கலவையைப் பிடித்துவைத்து, மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்து, "பாருங்கள், கல்லாகிவிட்டது" என்று காட்டுவார்கள். கோப்பை இருந்தது வெயிலில். கீழே சேறோடு கலந்த சிமெண்டின் கதையை அந்தக் கோப்பை சொல்லாது.

கேசிங்குக்கு வெளியே இருக்கும் பழைய சிமெண்டைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. கிணறு தோண்டிய காலத்தில் பாறைக்கும் இரும்புக்கும் நடுவில் நிரப்பியது அது. கலவை இறுகும் முன் கூழ்நிலையில் இருக்கும் சில மணி நேரத்தில் அதன் அழுத்தம் குறையும். அப்போது வாயு உள்ளே நுழைந்து மெல்லிய வழி ஒன்றைச் செய்துகொள்ளும். அந்த வழி அப்படியே இறுகிப் போகும். வெளியே அப்படி ஒரு வழி இருக்கும்போது உள்ளே எவ்வளவு நேர்த்தியாகப் பிளக் வைத்தாலும், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான். ஒலியை அனுப்பி இரும்புக்குப் பின்னால் சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சிபிஎல் என்ற பதிவு இருக்கிறது. பிளக் வைக்கும் ஆழத்தில் அது நன்றாக இல்லையென்றால் கேசிங்கைத் துளைத்து, பின்னால் கழுவி, அங்கேயும் சிமெண்டை அழுத்தி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த அளவு இரும்பை வெட்டி எடுத்துவிட்டுப் பாறையிலிருந்து பாறை வரை சிமெண்ட் நிரப்ப வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும் வேலை. தட்டிக்கழிக்க எல்லோருக்கும் ஆசை வருவதும் இந்த வேலையில்தான்.

இனி சோதனைக்கு வருகிறேன். இந்த மடலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்ற ஊர். மாகுரி மொதாபுங் என்ற சதுப்பு ஏரிக்குப் பக்கத்தில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5-ஆம் எண் எரிவாயுக் கிணறு. 2020 மே மாதம் அதில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே சிமெண்ட் பிளக் வைத்தார்கள். கிணற்றுத் தலையில் இருந்த பிஓபி-யைக் கழற்றினார்கள். வாயு சீறினால் கிணற்றை நெரித்து மூடும் பெரிய வால்வுத் தொகுதி அது. மே 27 காலை வாயு பீறிட்டது. தடுக்கத் தலையில் ஒன்றும் இல்லை. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள், ஏரி எண்ணெய்ப் படலம் பூண்டது. நவம்பர் நடுவில்தான் தீ அடங்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நீதிபதி கட்டாக்கி தலைமையில் அமைத்த குழு, இரண்டாவது பாதுகாப்புத் தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்று சோதித்து உறுதிசெய்யாமலே பிஓபி-யைக் கழற்றியதைக் குறையாகச் சொன்னது.

பிளக் வைத்தார்கள். அது நிற்கிறதா என்று பார்க்கவில்லை. பாக்ஜான் நமக்குச் சொல்வது இதுதான்.

பார்ப்பது எப்படி? முதலில் காத்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை ஆய்வகத் தாள் சொல்லும், மேலாளரின் அவசரம் சொல்லக் கூடாது. பிறகு குழாயை மறுபடி இறக்கி, பிளக்கின் தலையைத் தொட வேண்டும். அந்தக் காட்சியை உங்களுக்குக் காட்ட ஆசை. டிரில்லர் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார். எல்லோர் கண்ணும் எடைகாட்டி முள்ளில். கணக்கில் போட்டிருந்த ஆழம் நெருங்குகிறது. முள் அசைந்து எடை குறையத் தொடங்குகிறது, குழாய் எதன் மீதோ உட்காருகிறது. சில டன் எடையை அதன் மேல் வைத்துக் காத்திருக்கிறோம். மெல்லிய மேலோடாக இருந்தால் முள் திடீரென்று பழைய இடத்துக்குப் போகும், குழாய் உள்ளே அமிழ்ந்துவிடும். அசையாமல் நின்றால் அந்த ஆழத்தைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். கணக்கில் வந்த ஆழமும் தொட்ட ஆழமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இருபது, முப்பது மீட்டர் கீழே போயிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். சிமெண்ட் எங்கோ போயிருக்கிறது.

அடுத்தது மேலிருந்து அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. அழுத்தத்தைப் பதியும் வட்டத் தாளில் பேனா கோடு இறங்காமல் நிற்க வேண்டும். மேலே உள்ள திரவத்தை லேசாக்கிக் கீழிருந்து ஏதாவது உள்ளே வருகிறதா என்று பார்க்கும் எதிர்ச் சோதனையும் உண்டு. வாயு வரப்போவது கீழிருந்துதான் என்பதால் இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனால் முடிவைச் சரியாகப் படிக்க மனம் வேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றைத் தற்காலிகமாக மூடும் வேலையில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். கிணற்றுக்குள் இறக்கியிருந்த டிரில் பைப் குழாயில் 1,400 பிஎஸ்ஐ அழுத்தம் நின்றது. பக்கத்துக் குழாயில் பூஜ்யம். அந்த 1,400 கிணறு அடியில் அடைபடவில்லை என்பதற்கு நேரடிச் சாட்சி. அதற்கு வேறொரு விளக்கம் கண்டுபிடித்து, பூஜ்யத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கிணறு தேறிவிட்டது என்று முடிவுசெய்தார்கள். மேலே வைக்கத் திட்டமிட்டிருந்த சிமெண்ட் பிளக்கை வைப்பதற்கு முன்பே கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பினார்கள். அன்று இரவு, அந்தக் கிணற்றில் வேலை செய்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் பதினொரு பேர் இறந்தார்கள்.

விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். நார்வேயின் நார்சாக் டி-010 தரவிதி, கேசிங்குக்குள் அடித்தளம் இருந்தால் 50 மீட்டர், இல்லாவிட்டால் 100 மீட்டர் சிமெண்ட் கேட்கிறது. பிளக்கின் தலையைத் தொட்டும் அழுத்தம் ஏற்றியும் பார்க்கச் சொல்கிறது. டெக்சாஸில் 100 அடிக்கான கலவையோடு ஒவ்வோர் ஆயிரம் அடி ஆழத்துக்கும் பத்து சதவீதம் கூட்டி இறக்க வேண்டும். ஆழம் கூடக்கூடச் சிமெண்ட் கலந்து வீணாகும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள் 2017 இருக்கின்றன. கைவிடும் கிணற்றை அடைப்பது பற்றியும் அதில் விதி உண்டு. நிலத்தில் உள்ள கிணறுகளுக்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் பொறுப்பு. ஒரு கிணற்றுக்கு எத்தனை பிளக், எந்த ஆழத்தில் என்பதைத் திட்டத் தாளில் படமாகவே போட்டிருப்பார்கள்.

மூடியதாகப் பதிவானதெல்லாம் மூடியதாக இருக்காது என்பதற்கு அமெரிக்காவைவிடப் பெரிய பாடம் இல்லை. பென்சில்வேனியாவில் 1859-இலிருந்து தோண்டுகிறார்கள். பழைய காலத்தில் மரக்கட்டைகளைத் திணித்தும் மூடினார்கள். 2014-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கைவிடப்பட்ட 19 கிணறுகளில் அளந்து பார்த்தபோது, அடைத்தவை என்று கணக்கில் இருந்தவற்றிலிருந்தும் மீத்தேன் வந்துகொண்டிருந்தது. உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் கிணறுகளை மூட 2021-இல் அந்த நாட்டு அரசு 470 கோடி டாலர் ஒதுக்கியது. தோண்டியவர்கள் லாபத்தோடு போய்விட்டார்கள், செலவு வரி கட்டுகிறவர்கள் தலையில்.

உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஊருக்குள் ரிக் வருவதைக் கண்டாலே நீங்கள் வழிமறிக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மூடத்தான் வந்தோம் என்று சொல்லிவிட்டு மறுபடி எடுக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற சந்தேகம் சும்மா வந்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இரவில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அதைச் சம்பாதித்துக்கொண்டார்கள். ஆனால் ரிக் இல்லாமல் ஆழத்தில் பிளக் வைக்க முடியாது. பழைய டியூபிங்கை உருவவும், சிமெண்ட் இறக்கவும், தலையைத் தொட்டுப் பார்க்கவும் அது வேண்டும். ரிக்கைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கிணறு துருப்பிடித்த கேசிங்கோடு அப்படியே நிற்கும். கேசிங்கைத் துளைக்கும் வெடிகளைப் பார்த்ததும் இது எடுப்பதற்குத்தான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். வெளியே சிமெண்ட் நிரப்புவதற்கும் துளைக்க வேண்டியிருக்கும். எடுக்கவா மூடவா என்பதைத் திட்டத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அதில் ஒவ்வொரு பிளக்கின் ஆழமும், கடைசியில் கிணற்றுத் தலையை வெட்டி எடுக்கும் வேலையும் எழுதியிருக்க வேண்டும். ரிக் வருவதற்கு முன்பே அந்தத் தாளைத் தமிழில் கிராமசபையில் வைக்கச் சொல்லுங்கள். வைத்தால் வழிவிடுங்கள், வைக்காவிட்டால் கேட்டுக்கொண்டே இருங்கள்.

வேலை முடிந்த பிறகு கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒவ்வொரு பிளக்கும் கணக்கில் எந்த ஆழம், தொட்டுப் பார்த்தபோது எந்த ஆழம்? அழுத்தச் சோதனையின் வட்டத் தாள் எங்கே? ஆய்வகச் சோதனை எந்தச் சூட்டில் செய்தது? வெளிச் சிமெண்டின் சிபிஎல் பதிவு என்ன சொன்னது? பொதுத்துறை நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மழுப்பலாகப் பதில் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மேல்முறையீட்டின் நகலைச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் அனுப்புங்கள்.

தலையை வெட்டித் தகடு பற்றவைத்து மண் மூடுவதற்கு முன், செல்லர் எனப்படும் அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பிச் சில நாள் விடச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வேலை முடியவில்லை. உங்கள் ஊர் இளைஞர்களே நின்று அதைப் பார்க்கலாம். பிறகு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கிணறு இருந்த புள்ளி வருவாய்த் துறையின் புல வரைபடத்திலும் கிராமக் கணக்கிலும் ஏறியிருக்க வேண்டும். முப்பது வருஷம் கழித்து உங்கள் பேரன் அங்கே போர்வெல் போட வரும்போதும் வீடு கட்ட வரும்போதும் அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். சுற்றியுள்ள போர்வெல்களில் மூடும் முன் ஒரு தடவையும், பிறகு வருஷா வருஷமும் தண்ணீர் பரிசோதனை செய்யச் சொல்லி, அதன் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். முன்பு எடுத்த அளவு கையில் இல்லாவிட்டால், பின்னால் உப்பு ஏறியது இந்தக் கிணற்றாலா வேறு காரணத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள். புல எண்ணும் கிணற்றின் எண்ணும் தீர்மானத்தில் இருக்கட்டும்; திட்டத் தாளை ரிக் வருவதற்கு முன்பும் சோதனைத் தாள்களை வேலை முடிந்தபின்பும் கிராமசபையில் வைக்க வேண்டும் என்ற வாசகம் இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி போகட்டும். தாள்கள் கைக்கு வந்தால் அவற்றைப் படித்துச் சொல்ல உங்கள் ஊர்களிலேயே ஆள் உண்டு. வளைகுடாவிலும் மும்பைக் கடலிலும் ரிக்குகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களையும் அன்று கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கிணறுகளில் சிமெண்ட் இறக்கிய உங்கள் ஊர்க்காரன்